யார் வீட்டுச் சந்தனம்?

எங்கள் கல்லூரி மகளிர் மன்றத்தின் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. போன ஆண்டு மாணவிகளுக்கு மூன்று நாள் சோப்புத் தயாரிப்புப் பயிற்சி நடத்தினோம். படிக்கும்போதே கையில் நாலு காசு பார்க்க ஒரு தொழில் தெரிந்திருக்கட்டும் என்பது நோக்கம். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், காஸ்டிக் சோடாக் கரைசல், மரச் சட்டம், பட்டர் பேப்பர் என்று தமிழ்த்துறை வகுப்பறை ஒரு பட்டறையாக மாறியிருந்தது. ஓரத்து மேசையில் சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் வாசனை எண்ணெய்கள்: எலுமிச்சைப் புல், யூகலிப்டஸ், லாவண்டர், வெட்டிவேர், சந்தனம்.

மூன்றாம் நாள் லேபிள் எழுதும் வேலை. இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். “அம்மா, ‘கையால் செய்த இயற்கைச் சந்தனச் சோப்பு’ன்னு போடலாமா?”

நல்ல தலைப்புதான். ஆனால் நான் அந்தச் சந்தனப் புட்டியை எடுத்துப் பார்த்தேன். பத்து மில்லி, நூற்றெண்பது ரூபாய். மூடியைத் திறந்து முகர்ந்தேன். திருப்பத்தூரில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சந்தன வாசம் தெரியாமல் போகாது. ஜவ்வாது மலையில் வெட்டிய கட்டைகளை அடுக்கிவைத்து ஏலம் விடும் அரசு சந்தனக் கிடங்கு எங்கள் ஊரில் உண்டு. புட்டியில் இருந்தது சந்தனம் இல்லை, சந்தனத்தைப் போல் நடித்த வேறு ஏதோ ஒன்று.

“போட வேண்டாம்மா” என்றேன். “ஏன்?” என்று கேட்டாள். அந்த ‘ஏன்’ என்னை வெகுதூரம் அழைத்துப் போனது.

*

முதலில் எளிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் தைலம் என்று சொல்வதும் இந்தப் புட்டிகளில் வருவதும் ஒன்றல்ல. நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ மூலிகையைப் போட்டுக் காய்ச்சி வடிப்பது தைலம். வாசனை எண்ணெய் என்பது செடியின் ஆவியாகும் சத்து மட்டும். இலை, பூ, வேர், கட்டை இவற்றில் நீராவியைச் செலுத்தி, அந்த ஆவியைக் குளிரவைத்து, தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுக்கிறார்கள். எலுமிச்சைப் புல் சில மணி நேரத்தில் எண்ணெயைக் கொடுத்துவிடும். சந்தனம் அப்படியல்ல. அதன் எண்ணெய் இலையிலும் இல்லை, வெளிமரத்திலும் இல்லை. வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலும் வேரிலும்தான் இருக்கிறது. மரம் வைரம் பாய்வதற்கே பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். நல்ல எண்ணெய்க்கு முப்பது ஆண்டுகளாவது மரம் நிற்க வேண்டும். தூளாக்கிய கட்டையை இரண்டு மூன்று நாள் விடாமல் நீராவியில் வைத்தால் நூறு கிலோவுக்கு ஐந்து கிலோ எண்ணெய் கிடைக்கலாம். கிலோ லட்ச ரூபாயைத் தாண்டும் அந்த எண்ணெய் பத்து மில்லி நூற்றெண்பது ரூபாய்க்கு வராது. அந்த விலைக்கு வருவது செயற்கை வாசனையாக இருக்கும், அல்லது சந்தனத்துக்கு எந்த உறவும் இல்லாத அமைரிஸ் போன்ற மரத்தின் எண்ணெயாக இருக்கும்.

இன்னொன்றும் மாணவிகளுக்குச் சொன்னேன். இயற்கையானது என்பதாலேயே ஒன்று தோலுக்கு நல்லதாகிவிடாது. வாசனை எண்ணெய்களை அப்படியே முகத்தில் தடவினால் தோல் சிவந்து தடிக்கும். நூறு மில்லி தேங்காய் எண்ணெய்க்கு ஒரு மில்லி, அதாவது ஏறத்தாழ இருபது சொட்டு, அதுவே முகத்துக்குப் போதும். எலுமிச்சைப் பழத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருத்துக் கொப்பளிக்கும். வெள்ளையாக வேண்டும் என்று பூசுகிறவர்களுக்கு அது கொடுக்கும் பதில் அது.

மாணவிகள் சிரித்தார்கள். குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஆனால் கேட்டவளுக்கு நான் முழுப்பதிலைச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில்தான் அதைச் சொல்கிறேன்.

*

தமிழ் இலக்கியம் நெடுகச் சந்தனம் மணக்கிறது. ஆரம் என்றும் சாந்து என்றும் அதற்குப் பெயர்கள். பொதியமலைக்கே அது அடைமொழி. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் கோவலனின் ஊடலைத் தீர்க்க மாதவி ஒப்பனை செய்துகொள்கிறாள். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறிய நீரில் அவள் கூந்தல் நீராடுகிறது. இன்று ‘மூலிகைக் குளியல்’ என்று விற்கப்படும் எதுவும் அந்தப் பட்டியலுக்கு அருகில் வராது. அதே காப்பியத்தில் கணவன் பிரிந்த கண்ணகியோ குங்குமக் குழம்பை மார்பில் எழுதிக்கொள்ளவில்லை. பூசியவள் யார், பூசாதவள் யார் என்று பார்த்தாலே ஒரு பெண் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறாள் என்று தெரிந்துவிடும். நறுமணம் நம் மரபில் அழகுப்பொருளாக மட்டும் இருந்ததில்லை. பெண்களை வகைபிரிக்கும் அடையாளமாகவும் இருந்திருக்கிறது.

முனைவர் பட்டத்துக்காக இவற்றைப் படித்த காலத்தில் நான் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. மாதவியின் அந்த நீரைக் காய்ச்சியவள் யார்? நெடுநல்வாடையில் கூதிர்காலக் குளிரில் சந்தனம் அரைக்கும் வட்டக்கல் பயன்படாமல் கிடக்கிறது. அதற்குப் பதிலாக உடம்புக்குச் சூடு தரும் நறுமணக் கூட்டுகளை வேறொரு கல்லில் அரைக்கிறார்கள். கல்லின் நிறத்தைக்கூடக் கவிஞர் சொல்கிறார், கொள்ளின் நிறமாம். அரைப்பவர்கள் மட்டும் குற்றேவல் செய்கிற சிறியவர்கள் என்ற அளவில் வந்து மறைகிறார்கள். கல்லுக்கு நிறம் இருக்கிறது, அரைத்த கைக்கு முகம் இல்லை. இந்தப் பாடலை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். உவமையின் நயத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

*

எங்கள் ஆயா, அப்பாவின் அம்மா, முப்பது வயதுக்குள் கணவனை இழந்தவள். வீட்டுக் கொல்லையில் துவரைச் செடிகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு சந்தனக் கன்று முளைத்திருக்கும். பழத்தைத் தின்ற பறவைகள் கொட்டையை எச்சமாகப் போட்டுவிட்டுப் போகும். சந்தனம் தனியாக வளராது. பக்கத்துச் செடியின் வேரைத் தன் வேரால் பற்றி அதனிடமிருந்து நீரும் சத்தும் வாங்கித்தான் வளரும். துவரை அதற்குப் பிடித்த துணை. ஆயா அந்தக் கன்றைப் பார்த்த அன்றே வேரோடு பிடுங்கிவிடுவாள். “மரம் வளந்தா கேசு வளரும்” என்பாள். சிறுமியாக இருந்தபோது அது ஏதோ மூடநம்பிக்கை என்று நினைத்தேன். அது சட்ட அறிவு என்று பின்னால்தான் தெரிந்தது.

1792இல் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். எவர் நிலத்தில் வளர்ந்தாலும் மரம் அரசுக்கே சொந்தம். அதன் பிறகு ஆட்சிகள் மாறின, அந்த எண்ணம் மாறவில்லை. சென்னை மாகாணத்தில் 1882இல் வந்த வனச்சட்டம் காட்டையே அரசின் சொத்தாக்கியது. காட்டில் வாழ்ந்தவர்கள் அங்கே அத்துமீறி நுழைந்தவர்களானார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் சந்தனத்தின் கதை அதுவேதான். நம் நிலத்தில் முளைத்தாலும் நாம் காவலாளிதான். மரம் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான். கர்நாடகத்தில் 2001இலும் தமிழ்நாட்டில் 2002இலும் சட்டம் திருத்தப்பட்ட பிறகே தன் நிலத்துச் சந்தனத்துக்கு நிலக்காரர் சொந்தக்காரரானார். எத்தனை வீடுகளில் எத்தனை ஆயாக்கள் கன்றுகளைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள்! காப்பதற்காக வந்த சட்டமே மரத்தை முளையிலேயே கொன்றது.

அரசின் கையில் இருந்த மரம் தொழிலாகவும் மாறியது. மைசூர்ச் சந்தனக் கட்டைகள் ஏலத்தில் விற்கப்பட்டு ஐரோப்பாவுக்குப் போய் அங்கேதான் எண்ணெயாகின. முதல் உலகப்போர் அந்த வழியை அடைத்தது. கட்டைகள் தேங்கின. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மன்னராகவும் விஸ்வேஸ்வரய்யா திவானாகவும் இருந்தபோது, 1916இல் பெங்களூரில் சந்தன எண்ணெய் ஆலை தொடங்கியது. 1918இல் மைசூர் சாண்டல் சோப்பு வந்தது. நம் பாட்டிமார் காலத்திலிருந்து ஊர்ப் பயணப் பெட்டியிலும் சீர்வரிசைத் தட்டிலும் இருந்த அந்தச் சோப்பு ஒரு போரின் தேக்கத்திலிருந்து பிறந்தது. வடக்கே கன்னோஜில் இன்னொரு பழைய தொழில் இருக்கிறது. செப்புப் பானையில் பூவையும் நீரையும் காய்ச்சி, மூங்கில் குழாய் வழியே வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் ஏற்றி அத்தர் எடுப்பார்கள். சந்தனத்தின் விலை ஏற ஏற, அங்கும் பலர் மலிவான வேறு எண்ணெய்களுக்கு மாறிவிட்டார்கள்.

இவ்வளவு விலைபோகும் மரம் நிற்கும் மலையில் வாழ்ந்தவர்களுக்கு அதிலிருந்து என்ன கிடைத்தது? வெட்டிச் சுமக்கும் கூலி கிடைத்தது, திருட்டுப் பட்டம் கிடைத்தது. 1992இல் அதற்கு மேலும் கிடைத்தது.

*

1992இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஆண்டுதான் பெரியவளானேன். பந்தல் போட்டு மஞ்சள் நீராட்டு நடத்தினார்கள். தாய்மாமன் சீரோடு ஒரு சந்தனக் கட்டையும் கொண்டுவந்திருந்தார். தினத்தாளில் சுற்றி, அதன்மேல் ஒரு துண்டைச் சுற்றி எடுத்துவந்தார். “தெரிஞ்ச ஆளுகிட்ட வாங்கினேன்” என்றார். ரசீது எதுவும் கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

அதைக் காலையிலிருந்து சந்தனக்கல்லில் வைத்து இழைத்தவள் ஆயா. பன்னீர் தெளித்துத் தெளித்து, வெண்ணெய்போல வரும்வரை இழைத்தாள். மணையில் என்னை உட்காரவைத்ததும் சுமங்கலிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் கன்னத்திலும் கையிலும் அந்தச் சந்தனத்தைப் பூசினார்கள். ஆயா சமையற்கட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள். கைம்பெண் சபைக்கு வரக்கூடாது. அவள் கையில் முழங்கைவரை சந்தனம் இருந்தது. அதை அவள் கழுவிவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

அந்தச் சடங்கை நினைத்துப் பல கவிதைகள் எழுதியிருக்கிறேன். ஆயாவின் கையைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டை எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதியதில்லை.

அதே ஆண்டு, ஜூன் 20. எங்கள் ஊரிலிருந்து ஊத்தங்கரை வழியாகப் போனால் அரூர். அங்கிருந்து சற்றுத் தொலைவில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர். கடத்திய சந்தனக் கட்டைகளைத் தேடுகிறோம் என்று வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், மொத்தம் 269 அரசு ஊழியர்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். ஊர் மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். ஏரியில் ஒளித்துவைத்த கட்டைகளைக் காட்ட வேண்டும் என்று சொல்லி இளம்பெண்களை அழைத்துப் போனார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார்கள். அவர்களில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பதின்மூன்று வயதுச் சிறுமியும் இருந்தாள்.

அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள்.

அன்றிரவு பெண்களை அரூர் வனத்துறை அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். பிறகு சந்தனக் கடத்தல் வழக்குப் போட்டுச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். சிறைக்குப் போன 133 பேரில் 90 பேர் பெண்கள், 28 பேர் குழந்தைகள். மற்றவர்கள் மலைக்குள் ஓடி ஒளிந்தார்கள். ஊரில் குடிக்க நீர் எடுக்க முடியாதபடி கிணறு பாழாக்கப்பட்டிருந்தது.

என் கன்னத்தில் பூசிய கட்டையும் அதே மலைத்தொடர்களில் ஏதோ ஒன்றிலிருந்து, ரசீது இல்லாமல் வந்ததுதான். எங்கள் வீட்டை யாரும் சோதனை போடவில்லை. தாய்மாமனை யாரும் விசாரிக்கவில்லை. மஞ்சள் நீராட்டுக்கு வந்திருந்த விருந்தினர்களில் அரசு ஊழியர்களும் இருந்தார்கள். சந்தனம் கிண்ணத்தில் அவர்கள் முன்னே நீட்டப்பட்டது, தொட்டுப் பூசிக்கொண்டார்கள். சட்டவிரோதச் சந்தனம் எங்கள் வீட்டில் மங்கலப் பொருள். வாச்சாத்தியில் அது இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே ஒரு ஊரை அழிக்கப் போதுமான காரணம்.

*

வாச்சாத்திப் பெண்களை நம் கட்டுரைகளில் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்கள் என்றே எழுதுகிறோம். அவர்கள் வழக்கை நடத்தியவர்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நடந்ததை அரசு மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் அந்த மக்களோடு நின்றன. பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரியாக இருந்த பாமதி நேரில் வந்து விசாரித்து, பெண்கள் சொல்வது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். 1995இல் உயர்நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்தது. கூலி வேலையை விட்டுவிட்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பஸ் பிடித்து, அந்தப் பெண்கள் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். குறுக்கு விசாரணையில் நின்றார்கள். சீருடைக்காரர்களை அடையாளம் காட்டினார்கள்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. அவர்களில் பதினேழு பேர் மீது வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்த மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. பதினெட்டுப் பெண்களுக்கும் தலா பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அதில் பாதியை வன்கொடுமை செய்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் உள்ளிட்ட மேலதிகாரிகள் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

முப்பத்தொரு ஆண்டுகள். ஒரு சந்தன மரம் வைரம் பாய்ந்து, எண்ணெய்க்குத் தயாராகிற காலம் அது.

அந்தத் தீர்ப்பு வந்த நாளில் வகுப்பில் இருந்தேன். கைப்பேசியில் செய்தியைப் படித்தேன். அன்று பாடம் நெடுநல்வாடை என்று சொன்னால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். உண்மையில் அன்று இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். செய்தியைப் பற்றி மாணவிகளிடம் ஒன்றும் பேசாமல் பாடத்தை முடித்தேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வகுப்பில் இருந்த எவரும் 1992இல் பிறந்திருக்கவில்லை.

*

இன்று சந்தனத்தின் கதை வேறு திசையில் போய்க்கொண்டிருக்கிறது. நம் காடுகளில் மரம் அருகிப்போக, நம் சந்தன இனத்தையே ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் குனுனுரா பகுதியில் பெருந்தோட்டங்களாக நட்டிருக்கிறார்கள். இங்கேயும் தனியார் நிலங்களில் நடுகிறார்கள். தோட்டச் சந்தனம் வருவது நல்லதுதான். காட்டின் மேல் விழும் கை குறையும். எனக்குள்ள கேள்வி அந்த லேபிளில் வரும் ‘கையால் செய்தது’ என்ற சொல்லைப் பற்றியது.

கையால் செய்தது என்று நாம் பெருமையாக எழுதும்போது கடைசிக் கையை மட்டும்தான் எண்ணுகிறோம். எண்ணெயைக் கலந்து அச்சில் ஊற்றிய கை. அதற்கு முன்னால் மரம் வெட்டிய கை, கட்டை சுமந்த கை, கல்லில் இழைத்துவிட்டுச் சபைக்கு வராமல் கழுவிக்கொண்ட கை, விலங்கு மாட்டப்பட்ட கை, நீதிமன்றத்தில் ஒருவனைச் சுட்டிக்காட்டிய கை என்று எத்தனையோ கைகள் இருக்கின்றன. இயற்கை என்ற சொல்லும் இப்படித்தான். அதைச் சொன்னதும் மலையும் மரமும் பனியும் நினைவுக்கு வருகின்றன. மலையில் வாழும் மனிதர்கள் அந்தப் படத்தில் இருப்பதில்லை.

வாசனையைத் துறந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெண்கள் மணமாக இருக்க ஆசைப்படுவதில் ஒரு குற்றமும் இல்லை. அந்த ஆசை கைம்பெண்களுக்கு மறுக்கப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். சின்ன முதலீட்டில் சோப்புச் செய்து விற்றுத் தன் கல்லூரிக் கட்டணத்தைத் தானே கட்டும் மாணவியைக் கண்டு மகிழ்கிறவளும் நான்தான். ஆனால் நமக்கு மணமாக வந்து சேர்வது வேறு பெண்களுக்கு என்னவாக இருந்தது என்று ஒருமுறையாவது கேட்டுவிட்டுப் பூசிக்கொள்ளலாம்.

சோப்பு ஆற நான்கு வாரம் ஆகும். காஸ்டிக் சோடாவின் காரம் முழுக்க அடங்கிய பிறகுதான் அதைத் தோலில் போடலாம். நான்காம் வாரம் மாணவிகளை மீண்டும் கூட்டினேன். இந்த முறை வாச்சாத்தியைப் பற்றிப் பேசினேன். என் மஞ்சள் நீராட்டைப் பற்றியும், தாய்மாமன் கொண்டுவந்த கட்டையைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் சரியாக வரவில்லை. பிள்ளைகள் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி, “அந்த அக்காவுக்கு இப்ப நாப்பத்தஞ்சு வயசு தாண்டியிருக்கும் இல்லம்மா?” என்று கணக்குப் போட்டுக் கேட்டாள். ஆமாம் என்றேன். என் வயதை அவள் கேட்கவில்லை. அதையும் மனத்துக்குள் கணக்குப் போட்டிருப்பாள்.

லேபிள் கேட்ட மாணவி தன் அட்டையை மாற்றி எழுதிக் கொண்டுவந்தாள். சந்தனத்தை எடுத்துவிட்டு, அவர்கள் வீட்டு வேலியோரம் அவள் அம்மா வளர்க்கும் வெட்டிவேரைப் போட்டிருந்தாள். அவள் அம்மாவே தோண்டி, கழுவி, நிழலில் உலர்த்தி, இடித்துக் கொடுத்த வேர்த் தூள். “இதுல ‘கையால் செய்தது’ன்னு போடலாம்ல?” என்றாள்.

“போடு. யார் கைன்னும் போடு” என்றேன்.

தன் பெயருக்கு மேலே அம்மாவின் பெயரை எழுதினாள்.